பன்னிரண்டு மணிக்குத் திறக்க வேண்டிய தண்ணீர்

பிப்ரவரி 4

தங்கச்சிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் நலமென்று நினைத்துக்கொள்கிறேன். நான்கு வருஷமாக நான் உனக்கு எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. உன் அண்ணி போனதற்கு நீ வரவில்லை என்ற கோபம். அது இப்போதும் இருக்கிறது. அதை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுத்தான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எழுதுகிறவர் நகராட்சி அலுவலக வாசலில் டைப் மெஷினோடு உட்கார்ந்திருக்கும் மனுக்காரர். முதலில் 'பெருமதிப்பிற்குரிய ஐயா' என்று அடித்தார். ஐயா இல்லை, தங்கச்சி என்றேன். 'பெருமதிப்பிற்குரிய அம்மையீர்' என்று மாற்றினார். அந்தத் தாளைக் கிழிக்க வைத்துவிட்டு இந்தத் தாளில் ஆரம்பித்திருக்கிறேன். நான் சொல்வதைச் சொல்கிறபடியே அடிப்பாராம், இலக்கணத்தை மட்டும் அவர் பார்த்துக்கொள்வாராம். பார்த்துக்கொள்ளட்டும், எனக்கென்ன.

விஷயம் இதுதான். பத்து நாளாக ஊரெல்லாம் ஒரு சுவரொட்டி. நாட்டின் ஒற்றுமைக்கு என்ன செய்யலாம் என்று மக்களிடம் கருத்துக் கேட்க ஒரு குழு வருகிறதாம். இரண்டு பாஷைக்காரர்களும் வந்து பேசலாமாம். கால்வாய்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒட்டியதில் நம் எழுத்து மேலே, அவர்கள் எழுத்து கீழே. அந்தப் பக்கம் ஒட்டியதில் அவர்கள் எழுத்து மேலே, நம்முடையது கீழே. ஒற்றுமை வருவதற்கு முன்னாலேயே சுவருக்குச் சுவர் இப்படிப் பார்த்துப் பார்த்து ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு இரண்டு எழுத்தும் ஒன்றுதான், இரண்டையும் படிக்கத் தெரியாது. மனுக்காரர்தான் படித்துச் சொன்னார்.

பேச விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டேன். மார்ச் 26ஆம் தேதி, மேல்நிலைப்பள்ளி மண்டபத்தில். எதைப் பற்றி என்று கேட்டார்கள். அக்கரைக் கடைத்தெரு எரிந்த வியாழக்கிழமையைப் பற்றி என்றேன். பெயர் பதிகிற பெண் அதை எழுதிக்கொண்டு, "சம்பவ சாட்சியா, ஆலோசனையா?" என்றாள். இரண்டும் இல்லை என்றேன்.

உன்னிடம் சொல்லாமல் பேசக்கூடாது என்று தோன்றியது. மனுக்காரர் நல்ல மனிதர், ஆனால் காது கொஞ்சம் நீளம். அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

உன் அண்ணன்


பிப்ரவரி 13

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் நலம்.

அண்ணி இறந்ததற்கு வராததைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊரின் பெயரைச் சொன்னாலே இவர் தட்டில் கையைக் கழுவிவிடுவார். அன்றைக்கும் அதுதான் நடந்தது. அவரைத் தனியாக விட்டுவிட்டு வர எனக்குத் துணிவில்லை. அண்ணிக்காக மூன்று நாள் நான் அழுததை உங்களுக்கு எழுதவில்லை. எழுதினால் சமாதானம் சொல்வது போல இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

முப்பத்தொன்பது வருஷம் கழித்து அந்த வியாழக்கிழமையைப் பற்றி மண்டபத்தில் நின்று என்ன பேசப் போகிறீர்கள்? ஒரு வரி விடாமல் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன். கடிதம் நம் எழுத்தில் இருப்பதால் இவரால் படிக்க முடியாது. அதனால் தாராளமாகவே எழுதலாம்.

தங்கை


பிப்ரவரி 20

தங்கச்சிக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். தண்ணீர் வரி நோட்டீஸ் வந்ததோ என்று பயந்துவிட்டேன். மனுக்காரர் பஸ் ஸ்டாண்டில் கூவுகிற குரலில் படித்தார். 'அண்ணிக்காக அழுதேன்' என்ற இடத்தில் மட்டும் குரலைத் தணித்துக்கொண்டார். நானே கேட்காமல்.

நான் சொல்லப் போவதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். "நான் அடிக்கிறத நான் படிக்கிறதே இல்லண்ணே" என்றார். நம்பித்தான் சொல்கிறேன்.

பம்ப் ஹவுஸ் வால்வில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். இக்கரைக்கு ஒரு வால்வு, அக்கரைக்கு ஒரு வால்வு. ஆள் உயர இரும்புச் சாவியைக் குழியில் இறக்கித் திருக வேண்டும். அக்கரை வால்வு முழுதாகத் திறக்க முப்பத்தெட்டுச் சுற்று. கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவேன். எனக்கு எந்த உத்தரவும் தாளில் வந்ததில்லை. வந்தாலும் என்ன செய்திருப்பேன்? எல்லாம் வாயால் வரும், காதில் வாங்கிக்கொள்வேன், மறக்க மாட்டேன்.

கடைப் பலகையில் எந்த பாஷை இருக்க வேண்டும் என்று சண்டை நடந்த வருஷம். உன் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். அந்த வியாழக்கிழமை காலை ஆறரைக்கு வேலைக்குப் போகப் பாலத்து முனையைக் கடந்தேன். அக்கரை ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். என் காக்கித் தொப்பியைப் பார்த்து, நீ எந்த பாஷை என்று அவர்கள் பாஷையில் கேட்டார்கள். நானும் அவர்கள் பாஷையிலேயே, தண்ணீர் திறக்கிறவன் என்று சொன்னேன். ஒருவன் அறைந்தான். ஒரே அறை. அவன் வீடு அக்கரையில் மூன்றாவது சந்து, குழாயடிக்கு எதிர்வீடு. அவன் வீட்டுக் கல்யாணத்துக்காக ஒருமுறை நான் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தண்ணீர் விட்டிருக்கிறேன். இன்னொருவன் தொப்பியைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்தான்.

எட்டு மணிக்கு மேற்பார்வையாளர் வந்தார். குழாயடிகளில் கூட்டம் சேர்கிறது, பன்னிரண்டு மணி வரை அக்கரைக்கு மூடிவை என்றார். மூடினேன். அது உத்தரவு, அதற்கு நான் பொறுப்பில்லை. பன்னிரண்டுக்கு மில் சங்கு ஊதியது. எழுந்தேன். சாவியைக் கையில் எடுத்தேன். கன்னத்தில் அப்போதும் சூடு இருந்தது. சாவியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் தவிக்கட்டும் என்று நினைத்தேன். இவ்வளவுதான் நினைத்தேன், இதைவிடப் பெரிதாக எதுவும் இல்லை.

இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது படியில் வந்து நின்றேன், அக்கரையில் புகை. ஓடிப் போய் முப்பத்தெட்டுச் சுற்றும் திருகினேன். காய்ந்த குழாயில் தண்ணீர் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே திருகினேன். பதினொரு கடை. உங்கள் தச்சுப் பட்டறையும் அதில் ஒன்று. உயிர் யாருக்கும் போகவில்லை. பதினொரு குடும்பம் ஊரை விட்டுப் போனது.

கலவரக்காரர்கள் குழாயை உடைத்ததால் தண்ணீர் வரவில்லை என்று அறிக்கை எழுதினார்கள். இக்கரை இன்றும் அதைத்தான் சொல்கிறது. அரசாங்கம் வேண்டுமென்றே நாள் முழுக்க மூடியது என்று அக்கரை சொல்கிறது. இரண்டு பக்கமும் வருஷா வருஷம் கூட்டம் போட்டுச் சொல்கிறார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டு பின்வரிசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை என்னுடையது. அதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன்.

மனுக்காரர் இந்தப் பக்கத்தை அடிக்கும்போது ஒரு முறையும் தலையைத் தூக்கவில்லை.

உன் அண்ணன்


மார்ச் 1

அண்ணனுக்கு,

பேசாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், பெயரை எடுத்துவிடு.

நீ ஒன்றை விட்டுவிட்டாய். எனக்காக விட்டாய் என்று தெரிகிறது. அன்றைக்கு ஒரு மணிக்கு நான் உனக்குச் சாப்பாடு கொண்டு வந்தேன். பாலத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தேன். சாவி சுவரில் சாய்ந்திருந்ததைப் பார்த்தேன். எங்கள் தெருவில் தண்ணீர் இல்லை, எப்போது திறப்பாய் என்று கேட்டேன். பன்னிரண்டு வரைதான் மூடச் சொன்னார்கள், கொஞ்ச நேரம் ஆகட்டும் என்றாய். உன் கன்னம் வீங்கியிருந்தது. நான் சரியென்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

என் வீட்டுக்கே தண்ணீர் வராது என்று தெரிந்தும் சரியென்றேன். அன்று காலையில் குழாயடியில் அந்தத் தெருப் பெண்கள் என் குடத்தைக் காலால் தள்ளியிருந்தார்கள். உன் பாஷைக்காரன்தானே மூடியிருக்கான், அவன்கிட்டயே போய்க் கேளு என்றார்கள். எனக்கும் கொஞ்ச நேரம் தவிக்கட்டும் என்றுதான் இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இவரிடம் சொல்லாததற்குக் காரணம் அப்போது இருந்தது. தெரிந்தால் உன்னை அந்த வாரமே வெட்டிப் போட்டிருப்பார்கள். பிறகு நாங்கள் இந்த நகரத்துக்கு வந்தோம். இவர் யாரோ ஒருவரின் பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தார். சொல்ல வேண்டிய நாள் தள்ளிக்கொண்டே போயிற்று.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று தெருவில் சத்தம் கேட்டதும் இவர் பட்டறையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். மரப்பசை காய்ச்சுகிற அடுப்பை அணைக்கவில்லை. அந்த அடுப்பிலிருந்துதான் தெருவே பிடித்தது என்று இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். பத்துப் பேரின் கடையை எரித்தவன் நான் என்பார். என்னிடம் மட்டும்தான் சொல்வார். அதனால்தான் ஊர்ப் பெயர் கேட்டால் சோறு இறங்காது. இந்த வீட்டில் இன்றைக்கும் நான் அடுப்பை அணைத்த பிறகு அவர் ஒருமுறை வந்து தொட்டுப் பார்ப்பார்.

தண்ணீர் இருந்திருந்தால் அணைந்திருக்கும் என்று நான் சொல்லியிருக்கலாம். முப்பத்தொன்பது வருஷமாக அடுப்பைத் தொட்டுப் பார்க்கிற மனிதரிடம் இனி எப்படிச் சொல்வது? நீ பேசினால் உன் நெஞ்சு லேசாகும். என் வீடு என்ன ஆகும் என்று யோசி.

தங்கச்சி


மார்ச் 9

குட்டிக்கு,

அடுப்பு வந்த இடத்தில் மனுக்காரர் படிப்பதை நிறுத்திவிட்டார். இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒருவர் பிறப்புச் சான்றிதழ் மனு எழுத வந்து நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

உன் பேச்சைக் கேட்டேன். மறுநாளே போய்ப் பேசுவோர் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொன்னேன். அந்தப் பெண் எடுத்துவிட்டாள். எடுத்துவிட்டு, "தாத்தா, பேசறது மட்டுந்தான் ரத்து. நீங்க எழுத்துல குடுத்த மனு அப்படியே இருக்கு, எண் இருநூற்றுப் பதினாலு" என்றாள். நான் எழுத்தில் ஒன்றும் கொடுக்கவில்லையே, எனக்கு எழுத்தே தெரியாதே என்றேன். எடுத்துக் காட்டினாள். மேலே பார்த்தால் டைப் அடித்த தாள், கீழே என் கைநாட்டு. வாசிக்கச் சொன்னேன். "தங்கச்சிக்கு, நீங்கள் என்று எழுதியிருக்கிறாய்" என்று ஆரம்பித்தாள்.

நடந்தது இது. மனுக்காரர் நாற்பது வருஷமாக ஒற்றைத் தாளில் எதையும் அடித்ததில்லை. கார்பன் வைத்துத்தான் அடிப்பார். அசல் ஒருவருக்கு, நகல் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு. முதல் கடிதத்தில் ஒற்றுமைக் குழு என்றும் மார்ச் 26 என்றும் வந்ததால் இதற்கும் சம்பந்தப்பட்ட அலுவலகம் அதுதான் என்று நினைத்து நகலைக் குழுவின் மனுப் பெட்டியில் போட்டுவிட்டார். நான் இரண்டு தாளிலும் கைநாட்டு வைத்தேன், அது எனக்கே நினைவிருக்கிறது, அவருக்கு ஒன்று வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரைத் திட்டப் போனேன். "நகல் போகாத கடுதாசிக்கு என்னண்ணே மதிப்பு?" என்றார். நிஜமாகவே எனக்கு உபகாரம் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்த பிறகுதான் அவருக்கு முகம் சுண்டியது. இந்தத் தாளுக்குக் கார்பன் வைக்கவில்லை. என் கண்ணெதிரே எடுத்து மேஜைக்குள் போட்டுப் பூட்டினார்.

இப்போது நிலைமை இது. மனுக்களை எல்லாம் இரண்டு பாஷையிலும் பெயர்த்து எல்லா ஊர் அலுவலகப் பலகையிலும் ஒட்டுவார்களாம். உங்கள் நகரத்திலும் ஒட்டுவார்கள், மாப்பிள்ளையின் எழுத்தில். திரும்ப எடுக்க வேண்டுமானால் மார்ச் 20ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் நான் போய்க் கைநாட்டு வைக்க வேண்டும். நீ எடு என்றால் எடுத்துவிடுகிறேன். எதிர்த்துப் பேச மாட்டேன்.

அதற்கு முன் ஒன்று. தீ மாப்பிள்ளையின் அடுப்பிலிருந்து வரவில்லை.

படியில் நின்று நான் பார்த்த புகையைக் கண்ணை மூடினால் இப்போதும் பார்க்கிறேன். அக்கரைத் தண்ணீர்த் தொட்டிக்கு இடது பக்கம், மெத்தைக் கடைக்கு மேலே. பஞ்சு எரிகிற வெள்ளைப் புகை. உங்கள் பட்டறை தொட்டிக்கு வலது பக்கம், தெருவின் மறு கோடியில், நடுவில் எட்டுக் கடை. நான் சாவியைத் திருகி முடித்துத் திரும்பி வந்து பார்த்தபோதுதான் வலது பக்கம் கறுப்புப் புகை எழுந்தது. அது மரம். இதைக் கேட்க ஒருவர் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நடந்தே வந்து சொல்லியிருப்பேன்.

அந்த மனிதரை அணைந்துபோன அடுப்பின் முன்னால் உட்கார வைத்துவிட்டு நாம் இரண்டு பேரும் நகர்ந்துவிட்டோம், குட்டி. எனக்காவது தெரியாது.

கடைசி வரியை அடிக்கலாமா என்று மனுக்காரர் இரண்டு முறை கேட்டார். அடிக்கச் சொன்னேன்.

அண்ணன்


மார்ச் 16

அண்ணனுக்கு,

உன் கடைசி வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் சொல்லிவிட்டேன்.

பின்கட்டில் உட்கார்ந்து ஒரு முக்காலிக்குக் கால் சீவிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். கையை நிறுத்தாமல் சொல் என்றார். எங்கள் வீட்டில் நான் நம் பாஷையில் பேசுவேன், அவர் அவருடையதில் பதில் சொல்வார், இத்தனை வருஷமும் அப்படித்தான். நம் பாஷையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். உன் கன்னம், சங்கு, சாவி, நான் சாப்பாடு கொண்டு வந்தது, சரியென்று திரும்பியது. எதையும் விடவில்லை.

சீவிக்கொண்டே கேட்டார். ஒரு கால் மற்ற இரண்டைவிட மெலிந்து போயிற்று. பிறகு உளியைத் துணியில் சுற்றி வைத்தார்.

"அவன் ரெண்டு மணி நேரம் மூடி வெச்சான். நீ முப்பத்தொம்பது வருஷம் மூடி வெச்சிருக்கே."

அவர் பாஷையில் சொன்னதை நம் பாஷையில் எழுதியிருக்கிறேன். அதில் இன்னும் சுருக்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு கேள்வி, எந்தப் பக்கம் புகை என்று. மெத்தைக் கடைப் பக்கம் என்றேன். உன் கடிதத்தைக் கொண்டு வந்து அந்த வரியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு மறுபடி படிக்கச் சொன்னார். அவருக்கு நம் எழுத்து ஒன்றும் தெரியாது, ஆனாலும் விரலை எடுக்கவில்லை.

இப்போது என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வந்து உட்கார்கிறார், பரிமாறியதைச் சாப்பிடுகிறார். மனுவை எடுக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னதாகவும், 26ஆம் தேதி அவரே அங்கு வருவதாகவும் பக்கத்து வீட்டுக்காரர் மூலமாக எனக்குத் தெரிகிறது. ஒரு டிக்கெட்தான் எடுத்திருக்கிறார்.

அவரை ஒன்றும் கேட்காதே. முதுகுக்கு ஒரு தலையணை கொடு, பெஞ்சில் நேராக உட்கார முடியாது.

தங்கச்சி


மார்ச் 28

குட்டிக்கு,

வந்தார். பத்திரமாக ரயில் ஏற்றிவிட்டேன், இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்திருப்பார்.

ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் நலம் விசாரிக்கவில்லை. மெலிந்துவிட்டார். மீசை முழுக்க வெள்ளை. அவர் பாஷையில், "படி எங்க?" என்று கேட்டார். பம்ப் ஹவுஸ் படியைத்தான். ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனேன். இப்போது அங்கே எல்லாம் மோட்டார், ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். காவலாளி எனக்குத் தெரிந்தவர், உள்ளே விட்டார். படியில் ஏறி நின்றோம். எதிரே புதிதாக நாலு மாடி, ஐந்து மாடி. அக்கரைத் தொட்டி மட்டும் தெரிகிறது. கையை நீட்டி இங்கே வெள்ளைப் புகை, அங்கே கறுப்புப் புகை என்று காட்டினேன். "எது முதல்ல?" என்றார். வெள்ளை என்றேன். "எண்ணிக்கிட்டுத்தானே திருகுவே? முப்பத்தெட்டு திருகி முடிச்சப்புறம்தான் கறுப்பா?" என்றார். ஆமாம் என்றேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் தலையணையைக் கொண்டு போகாமல் விட்டது தப்பாகிவிட்டது.

மண்டபத்தில் நல்ல கூட்டம். நடுவில் வழி விட்டு இரண்டு பக்கமும் நாற்காலி. எந்த பாஷை எந்தப் பக்கம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் சரியாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் கதவோரம் நின்றோம். ஓர் ஊழியர் இரண்டு நாற்காலியைக் கொண்டு வந்து நடுவழியிலேயே போட்டார். போகிறவர் வருகிறவர் எல்லாம் எங்கள் காலில் இடித்தார்கள். பாஷை பெயர்த்துச் சொல்வதைக் காதில் மாட்டிக் கேட்க ஒரு கருவி கொடுத்தார்கள். எங்களுக்கு வேண்டாம் என்றோம்.

குழுவின் தலைவர் ஓர் அம்மா, ஓய்வு பெற்ற நீதிபதியாம். மனுக் கொடுத்தவர் வந்தால் பேசலாம் என்று இருநூற்றுப் பதினாலைக் கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் பேசிய இருவரும் அதே வியாழக்கிழமையைத்தான் பேசினார்கள், ஒருவர் குழாய் உடைந்தது என்று, இன்னொருவர் நாள் முழுக்க மூடினார்கள் என்று. நான் எழுந்து, குழாய் உடையவில்லை, நாள் முழுக்கவும் மூடவில்லை, எட்டிலிருந்து பன்னிரண்டு உத்தரவு, பன்னிரண்டிலிருந்து இரண்டு நான் என்றேன். முதலில் நம் பாஷையில் சொன்னேன், பிறகு அதையே அவர்கள் பாஷையில். நம் பக்கத்திலிருந்து ஒருவன், "யாருய்யா இந்தக் கிழவனுக்குச் சொல்லிக் குடுத்தது?" என்றான். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

சாப்பாடு கொண்டு வந்தவளைப் பற்றி நான் பேசவில்லை. அது உன்னுடையது.

மாப்பிள்ளை எழுந்தார். அவருக்கு எண் கிடையாது. பரவாயில்லை, பேசட்டும் என்று அந்த அம்மா சொன்னார். "நான் பசை அடுப்ப அணைக்காமப் போனேன். அது உண்மை. தீ அங்கேருந்து வரலைன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். ரெண்டையும் எழுதிக்கோங்க" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். மெத்தைக் கடைக்கு யார் தீ வைத்தது என்று யாரோ கேட்டார்கள். நான் பார்க்காததைச் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

குமாஸ்தா வந்து, படிவத்தில் 'பரிந்துரை' என்ற கட்டம் காலியாக இருக்கிறது, காலியாக விட்டால் கணினி ஏற்காது என்றார். எனக்குப் பரிந்துரை எதுவும் இல்லை என்றேன். ஏதாவது சொல்லுங்கள் ஐயா, நாட்டின் ஒற்றுமைக்காக என்றார். யோசித்து, மூடச் சொல்கிறவர் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், திறக்கிற நேரமும் அதே தாளில் இருக்க வேண்டும் என்றேன். உங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே என்றார். படித்துக் காட்ட யாராவது இருப்பார்கள், அப்போது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கும் என்றேன். எழுதிக்கொண்டார்.

என்னை மன்னித்தாரா என்று தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. ரயில் ஏறும்போது ஜன்னல் வழியாக ஒன்று சொன்னார். உன்னிடம் சொல்லாமல் விடலாமா என்று பார்த்தேன். மறைத்தது போதும். "உம்மேல கோவம் இருக்கு. ஆனா வரிசையில உனக்கு முன்னாடி அவ நிக்கறா" என்றார்.

அண்ணன்


ஏப்ரல் 5

அண்ணனுக்கு,

இவர் பத்திரமாக வந்து சேர்ந்தார். மண்டபத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உன் கடிதம் வரும்வரை எனக்கு எதுவும் தெரியாது.

வந்த மூன்றாம் நாள் நான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். இவர் எழுந்து போய்த் தொட்டுப் பார்க்கவில்லை. மறந்துவிட்டாரோ என்று காத்திருந்தேன். நான்தான் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

பேச்சு மட்டும் இல்லை. நேற்று வரை இல்லை. நேற்றுச் சாப்பிட்டு முடித்ததும் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு, அன்றைக்குச் சொன்னாயே, அதை மறுபடி சொல் என்றார். ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "அப்படி இல்ல. என் பாஷையில சொல்லு."

எனக்கு அவர் பாஷை தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைக்குப் போகிறேன், மருத்துவரிடம் பேசுகிறேன், அக்கம்பக்கத்தில் சண்டை போடுகிறேன். கஷ்டமானதை மட்டும் எப்போதும் நம் பாஷையில் சொல்லிவிட்டு, புரிந்த வரைக்கும் புரியட்டும் என்று விட்டிருக்கிறேன். அது நேற்று அவர் எதிரில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அவர் அன்றைக்கு எவ்வளவு புரிந்துகொண்டாரோ, எவ்வளவு ஊகித்தாரோ.

பாலத்தைத் தாண்டி வந்தேன் என்று சொன்னேன். பாத்திரம் சூடாக இருந்தது என்று சொன்னேன். சாவி சுவரில் சாய்ந்திருந்தது என்று சொன்னேன், சாய்ந்திருந்தது என்பதற்கு வார்த்தை வராமல் கையால் காட்டினேன், அவர் வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தார். அதற்கு அடுத்தது நான் சரியென்று சொன்னது. அங்கே நின்றுவிட்டேன். வார்த்தை தெரியும், சின்ன வார்த்தைதான், தினம் பத்து முறை சொல்கிற வார்த்தை. வரவில்லை.

அவர் இந்த முறை சொல்லிக் கொடுக்கவில்லை. எழுந்தும் போகவில்லை. எதிரில் உட்கார்ந்தே இருந்தார்.

தங்கச்சி